வாளி வரிசை

ஒன்பது பிள்ளைகள் ஒரே கூரைக்குக் கீழே மண்டை உடையாமல் வளர வேண்டுமென்றால் வீட்டில் ஏதாவது ஒரு சட்டம் வேண்டும். அந்த வீட்டில் அம்மா போட்டு வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். வரிசை. குளிப்பது மூத்தவனில் தொடங்கி கீழே போகும். சாப்பிடுவது கடைக்குட்டியில் தொடங்கி மேலே போகும். சட்டை மூத்தவன் தோளில் ஏறி, ஒவ்வொரு தோளாக இறங்கி, கடைக்குட்டியிடம் வந்து சேரும்போது அது துணியா வலையா என்று சொல்ல முடியாது. படுப்பதுகூட வயசு வரிசைப்படிதான். யாராவது இடம் மாறிப் படுத்தால் அம்மா தூக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

இந்த ஏற்பாட்டில் மேலே இருப்பவர்களுக்கு ஒரு லாபம், கீழே இருப்பவர்களுக்கு ஒரு லாபம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஐந்தாவதாக வருகிற ஒருத்திக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. குளிக்கப் போனால் அண்டாவில் பாதித் தண்ணீர், சாப்பிட உட்கார்ந்தால் சட்டியில் பாதி. அவளை எல்லாரும் நடுக்குட்டி என்றே கூப்பிட்டார்கள். அதுவும் உடனே வாயில் வராது. அம்மா அவளைக் கூப்பிட நினைத்தால் மற்ற எட்டுப் பேரையும் கூப்பிட்டு முடித்துவிட்டுத்தான் இவளிடம் வருவாள். நடுக்குட்டி அதற்குள் எழுந்து வந்து எதிரே நின்றிருப்பாள். பதின்மூன்று வயசு. அவள் அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. அதட்டினால் கேட்க யாராவது இருக்க வேண்டுமே.

அந்த வருஷம் அவர்களுடைய மேட்டு நிலத்தில் தக்காளி. அதற்கு முந்தின வருஷம் போட்டதெல்லாம் கருகிப் போயிருந்தது, அதற்கும் முந்தின வருஷம் அழுகிப் போயிருந்தது. இந்தத் தடவை அரை ஏக்கரையும் தக்காளிக்கே கொடுத்துவிட்டு அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். செடிகள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, அங்கங்கே பிஞ்சு தலைகாட்டத் தொடங்கிய நேரம் பார்த்து, கிணற்றடியில் மோட்டார் ஒரு இருமல் இருமி, கருகின நாற்றத்தோடு நின்று போனது.

மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றி, மோந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"காயில் போச்சு, உள்ளே கம்பியெல்லாம் எரிஞ்சிருக்கு. டவுனுக்குக் கொண்டுபோய்த்தான் கட்டணும்."

"எத்தனை நாளாகும்?" என்றார் அப்பா.

"ஒரு வாரம். கூடவும் ஆகலாம்."

"ஒரு வாரத்துல செடி செத்துடுமே!"

"நான் மோட்டாருக்குத்தாங்க வைத்தியம் பாக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார் அந்த மனுஷன்.

அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து செல்போனை எடுத்துத் தன் தங்கையைக் கூப்பிட்டார். அந்த அத்தை டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். கடையில் பாத்திரம் கழுவவும், வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு பிள்ளையைக் கொடு, கொடு என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கெட்டவள் இல்லை. பேச்சுதான் மிளகாய். அப்பா இதுவரைக்கும் பிடி கொடுக்காமல் வந்தார். இந்த விளைச்சலும் போனால் ஒரு வாயைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லியிருந்தார். யாரை என்று அம்மா கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. மேலே உள்ள நாலு பேர் ஆள் வேலை செய்கிறவர்கள், அவர்களை விட முடியாது. கீழே உள்ள நாலு பேருக்கே இன்னொருத்தர் கால் கழுவிவிட வேண்டும், அவர்களை அனுப்ப முடியாது. எப்படிக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுவது நடுக்குட்டிதான்.

"அடுத்த வாரம் வந்து கூட்டிட்டுப் போம்மா," என்று அப்பா போனில் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். பிழிந்த சட்டையையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் யாருடைய மூச்சும் இல்லாமல் ஒரு ராத்திரிகூட அவள் தூங்கியதில்லை. வருகிற பிள்ளைக்குத் தன் வீட்டில் தனி மூலை கிடைக்கும் என்று அத்தை ஒரு தடவை பெருமையாகச் சொல்லியிருந்தாள். அந்த மூலையை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான். மூத்தவன், இருபது வயசு, அப்பாவைவிட அகலம்.

"மோட்டார்தானே போச்சு? கிணத்துல தண்ணி இருக்கில்ல? நமக்குக் கை இருக்கில்ல? இறைச்சு ஊத்துவோம்."

"அரை ஏக்கர்டா," என்றார் அப்பா துண்டுக்குள்ளிருந்து.

"நாம என்ன ஒருத்தர் ரெண்டு பேரா?"

அது நியாயமாகத்தான் பட்டது. இத்தனை நாளும் சாப்பிடும்போது பாரமாக இருந்த எண்ணிக்கை அன்றைக்குத்தான் பலமாகத் தெரிந்தது. வீட்டில் இருந்த வாளி, குடம், பெயின்ட் டப்பா, அம்மாவின் சமையல் பாத்திரம் எல்லாம் கிணற்றடிக்கு வந்தன. ஆளுக்கொரு பாத்திரம் தூக்கிக்கொண்டு ஓடிப் பார்த்தார்கள். வரப்பு சேறாகி வழுக்கி, போன வாளியும் வந்த வாளியும் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். அண்ணன் கையைத் தட்டினான்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. கைமாத்திக் குடுக்கலாம்."

வரிசை என்ற சொல் காதில் விழ வேண்டியதுதான் தாமதம், ஒன்பதும் பழகின கால்களோடு தங்கள் தங்கள் இடத்தில் போய் நின்றுவிட்டன. கிணற்றடியில் அண்ணன், அடுத்து பெரியக்கா, அடுத்து எப்போதும் பசியோடிருக்கும் நெட்டை, அடுத்து வாயாடி அக்கா, நடுவில் நடுக்குட்டி, அப்புறம் இரட்டைப் பெண்கள், அப்புறம் உருண்டை, தோட்டத்து ஓரமாக ஐந்து வயசுக் கடைக்குட்டி. அதற்கு அப்பால் செடிக்கு ஊற்ற அம்மா. வேறு எந்த வீடாக இருந்தாலும் ஒருவராவது இது என்ன கூத்து என்று கேட்டிருப்பார்கள். வரிசையில் நிற்பதில் தப்பு இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்குத் தோன்றப்போகிறது?

அண்ணன் விளிம்புவரை நிரப்பி வீராப்பாகக் கொடுத்தான். பெரியக்கா வாங்கி நெட்டைக்கு, நெட்டை வாயாடிக்கு, வாயாடி நடுக்குட்டிக்கு. அதுவரைக்கும் பறந்து வந்த வாளி, அதற்குப் பிறகு நொண்ட ஆரம்பித்தது. இரட்டையில் ஒருத்தி அதை வயிற்றோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். அடுத்தவள் முழங்காலில் இடித்துக்கொண்டாள். உருண்டை கீழே வைத்து இழுத்தான். கடைக்குட்டி வாளியோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டான். அம்மாவிடம் போய்ச் சேர்ந்தபோது அதில் வாய் கொப்பளிக்கத்தான் தண்ணீர் இருந்தது. தக்காளிக்குப் போக வேண்டியதையெல்லாம் வழியில் இருந்த களைகள் குடித்துக் கொழுத்தன.

மேலே நாலு பேரும் கை சும்மா இருக்க, "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தினார்கள். கீழே நாலு பேரும் நனைந்து போய் அழுதார்கள். கத்துகிறவர்களுக்கு அழுகிறவர்கள்மேல் கோபம். அழுகிறவர்களுக்கு வாளிமேல் கோபம். இரண்டையும் பார்க்கிற இடத்தில் நின்றவள் ஒருத்திதான். வாளி தன் கைக்கு எப்படி வருகிறது, தன் கையைவிட்டு எப்படிப் போகிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. அதைச் சொல்லலாமா என்று நினைத்தாள். சொன்னால் யார் கேட்பார்கள் என்றும் நினைத்தாள்.

அப்பா எழுந்தார். "போதும், விடுங்க. புள்ளைங்களைக் கொல்லாதீங்க. நம்ம தலையெழுத்து அவ்வளவுதான்."

"நில்லுங்க!"

கிணற்றுக்குள் இருந்த புறாக்கள் பறந்தன. அப்பா வழக்கம்போல வாயாடியை முறைத்தார்.

"நான் இல்லப்பா!" என்றாள் வாயாடி. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையிலேயே அவள் இல்லை.

கத்தியவள் நடுக்குட்டி. வாயைத் திறந்தாயிற்று, இனி மூடினால் அத்தை வீட்டு மூலைதான்.

"அண்ணா, நீ கிணத்துக்கிட்ட நிக்காதே. கீழே வா."

"ஏய், நான் மூத்தவன்டி. நான்தான் முதல்ல நிக்கணும்."

"முதல்ல நின்னு என்ன பிரயோசனம்? தண்ணி கடைசியிலதானே ஊத்தணும்? பலமெல்லாம் மேலேயே நின்னுட்டா, கீழே இருக்கிற பொடிசுங்க என்ன பண்ணும்?"

"வரிசையை மாத்தக் கூடாதுடி," என்றாள் அம்மா. பாவம், தான் போட்ட சட்டத்தைத் தானே விட்டுக்கொடுப்பதா?

"அம்மா, நாங்க அடிச்சுக்காம இருக்கத்தானே நீ வரிசை போட்டே? இந்தத் தண்ணிக்கு யாரு மூத்தவன், யாரு இளையவன்னு தெரியுமா?"

நடுக்குட்டி ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசியதே எல்லாருக்கும் அதிர்ச்சியாக இருந்தது. அப்பாதான் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அவ சொல்றபடி ஒரு தடவை செஞ்சு பாருங்க. புதுசா என்ன கெட்டுடப் போகுது?"

நடுக்குட்டி ஓடி ஓடி ஆட்களை நிறுத்தினாள். கிணற்றில் இறைக்க அப்பா. அங்கிருந்து தோட்டம்வரை இடம்விட்டு இடம்விட்டு ஐந்து பேர்: பெரியக்கா, வாயாடி, நெட்டை, நடுக்குட்டி, சேறு மிதிக்கிற கடைசி இடத்தில் அண்ணன். நிறைந்த வாளி இவர்கள் கையை விட்டுப் போகக் கூடாது. காலி வாளி திரும்பி வருகிற வழி வேறு. அதில் இரட்டைகளும் உருண்டையும். காலி வாளி என்றால் உருண்டை அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுகூட ஓடுவான். கடைக்குட்டிக்கு அம்மா பக்கத்தில் நின்று, ஒரு சால் செடி முழுக்க நனைந்து முடிந்ததும் "அடுத்தது!" என்று கத்துகிற வேலை. அந்த வேலைக்கென்றே பிறந்தவன் அவன்.

"அப்பா, வாளியில பாதிதான் ஊத்தணும்," என்றாள்.

"பாதி வாளியா?" அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "பாக்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும். செடி குடிக்கட்டும்."

பாதி வாளி புறப்பட்டது. கை மாறியது, கை மாறியது, கை மாறியது. அம்மா வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். பாதி வாளியாகவே இருந்தது. ஒரு குவளை மொண்டு முதல் செடியின் தூரில் ஊற்றினாள். அடுத்த வாளி அதற்குள் காத்துக்கொண்டிருந்தது.

"அப்படியே வந்திருக்குடி!" என்று அம்மா கத்தினாள். கடைக்குட்டி தன் வேலையை அம்மா பறித்துவிட்டாள் என்று நினைத்து அவளைவிடப் பலமாக "அடுத்தது!" என்று கத்தினான். நடுக்குட்டிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அன்றிலிருந்து வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை, வெயில் இறங்கினபிறகு ஒரு தடவை. சும்மா சொல்லக் கூடாது, எல்லாருக்கும் இடுப்பு ஒடிந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து, பழைய துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் பிடித்தார்கள். அண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் காலையில், இறைக்கிறேன் என்று வலியப் போய்க் கயிற்றைப் பிடித்து, வேண்டுமென்றே வாளியை விளிம்புவரை நிரப்பி அனுப்பினான். வாளி நடுக்குட்டியிடம் வந்தது. அவள் அதை வாங்கினாள், நேரே கிணற்றடிக்கு நடந்தாள், அதில் பாதியை அண்ணன் காலிலேயே கொட்டினாள், மீதியைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள். அண்ணனுக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரம் பறக்கும்.

அண்ணன் நனைந்த காலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தான். "இந்த ஆங்காரத்தை இத்தனை நாளா எங்கடி வச்சிருந்தே?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றை அப்பாவிடம் கொடுத்து, சேற்றில் போய் நின்றுகொண்டான். அதற்குப் பிறகு அவனிடம் ஒரு மல்லுக்கட்டும் இல்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு, "மோட்டார் விக்கிறவன் உங்களைப் பாத்தா கடையைச் சாத்திட்டுப் போயிடுவான்," என்று கிண்டலடித்தார். மூன்றாம் நாள் கிண்டலோடு இரண்டு நல்ல வாளிகளும் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு அப்பாவின் தோள் பிடித்துக்கொண்டது. கயிற்றை நெட்டையிடம் கொடுத்துவிட்டு, கையை நீவிக்கொண்டே வரிசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு மகளிடம் வந்து நின்றார்.

"நான் எங்கேம்மா நிக்கட்டும்?"

நடுக்குட்டி நிமிர்ந்து பார்த்தாள். அப்பா ஒருவரிடம் அப்படிக் கேட்டு அவள் பார்த்ததே இல்லை. "பெரியக்காவுக்கு அடுத்து நில்லுங்கப்பா. அங்கே நிழல் இருக்கு," என்றாள். அப்பா போய் நின்றார்.

தோட்டம் பிழைத்ததா என்று கேட்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடலாம், பிழைத்தது. சும்மா பிழைக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லாச் செடியும் வெயிலில் தலையைத் தொங்கப்போட்டபோது இவர்கள் செடி மட்டும் நிமிர்ந்து நின்றது. பூ உதிரவில்லை. பிஞ்சு பருத்து எலுமிச்சங்காய் அளவுக்கு வந்து, இலைக்கு இலை எட்டிப் பார்த்தது. அம்மா ஒவ்வொரு செடியிலும் இலையைத் தூக்கிப் பார்த்துத் திருஷ்டி பட்டுவிடும் என்று மறுபடியும் மூடி வைத்தாள். ஆனால் மோட்டார் வரவில்லை. மெக்கானிக் போனில் நாளைக்கு, நாளைக்கு என்றார். அவருக்கு முன்னால் அத்தை வந்து சேர்ந்தாள்.

வெயில் இறங்கி, வாளி ஓடத் தொடங்கியிருந்த நேரம். பஸ்ஸில் வந்து இறங்கி, புதுச் செருப்பும் கைப்பையுமாக வரப்பில் தத்தித் தத்தி வந்தாள். வந்ததும் வராததுமாக, "எங்கேடி, துணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா? கடைசி பஸ் போயிடும், கிளம்பு," என்றாள்.

நடுக்குட்டிக்குக் கையில் இருந்த வாளி கனத்தது. இந்த ஒரு வாரமாக அவள் அத்தையை மறந்தே போயிருந்தாள். அண்ணன் சேற்றிலிருந்து அப்படியே பார்த்தான். வாளிகள் அங்கங்கே நின்றுவிட்டன.

அப்பாவுக்குத் தர்மசங்கடம். "இல்லம்மா, தோட்டம் நல்லாத்தான் இருக்கு..." என்று இழுத்தார்.

"தோட்டம் நல்லா இருந்தா சந்தோஷம். அதுக்காக? நீதானே போன் பண்ணி வரச் சொன்னே? உன்னை நம்பி வேலைக்கு இருந்த ஆளையும் நிறுத்திட்டேன். சொன்ன சொல்லு என்னாச்சு?"

அது அப்பாவைச் சரியான இடத்தில் குத்தியது. சொன்ன சொல் தவறாதவர் என்று பேர் எடுத்தவர். எடுத்த பேரைத் தவிர அவரிடம் வேறு சொத்து என்ன இருந்தது? அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கடைக்குட்டி மட்டும் ஒன்றும் புரியாமல், "அடுத்தது!" என்று கத்தினான்.

வாளி யார் கையிலும் நகரவில்லை. ஒரு சால் பாதி நனைந்து பாதி காய்ந்து கிடந்தது. நடுக்குட்டி அதைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, பேசறதுன்னா பேசுங்க. ஆனா சும்மா நின்னு பேசாதீங்க. அண்ணனுக்கும் எனக்கும் நடுவுல இடம் அதிகமா இருக்கு. அங்கே வந்து நில்லுங்க."

"யாரை, என்னையா?"

"செருப்பைக் கழட்டிடுங்க. சேறு."

அத்தை சுற்றிலும் பார்த்தாள். அப்பா நிமிரவில்லை. என்ன நினைத்தாளோ, கைப்பையை வேலியில் மாட்டினாள், செருப்பைக் கழற்றினாள், துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் நின்றாள். சாப்பாட்டுக்கடையில் வேலை பார்த்த கை. வாளியை வாங்குவதும் கொடுப்பதும் தண்ணீர் பட்ட பாடு. நாலு வாளி போவதற்குள், "ஏன் பாதி வாளி?" என்று கேட்டாள். பத்து வாளி போவதற்குள் அவளே, "டேய் உருண்டை, காலி வாளி எங்கேடா?" என்று அதட்டத் தொடங்கிவிட்டாள். சால் நனைந்து முடிந்தபோது வேர்த்து வழிய, "இதெல்லாம் யாரு ஏற்பாடு?" என்றாள்.

"நீ கூட்டிட்டுப் போக வந்திருக்கியே, அவதான்," என்றாள் அம்மா.

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுக்குட்டியை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப கண்டிப்பா எனக்கு இவதான் வேணும்," என்றாள்.

அப்பா தலையை நிமிர்த்தினார். ஒரு வாரத்தில் கறுத்து மெலிந்திருந்த அந்த முகத்தில் எதையோ முடிவு செய்தது தெரிந்தது.

"நான் சொன்ன சொல்லு தப்புதான். ஏன்னா அவளைக் கேக்காம சொன்னேன். இப்ப கேக்கறேன்." மகளிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. போறியா, இருக்கியா?"

பதின்மூன்று வருஷத்தில் அவளுடைய விருப்பம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. வாளியைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்கவும் இல்லை. ஆனால் குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"நான் போகமாட்டேன். எனக்கு இங்கே வேலை இருக்கு."

அப்பா தங்கையைப் பார்த்தார். சிரிப்பும் அழுகையுமாக அவர் மீசை துடித்தது. "கேட்டுக்கிட்டியா? மேஸ்திரி வரமாட்டாங்களாம்."

பெற்ற மகளை அவர் 'ங்க' போட்டுப் பேசியதைக் கேட்டு வரிசை முழுக்க ஒரு கூச்சல் கிளம்பியது. அண்ணன் சேற்றை வாரி மேலே எறிந்தான். இரட்டைகள் வாளியைத் தட்டினார்கள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

"நல்லா சிரிங்க," என்றாள் அத்தை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். "என் கடைக்கு இப்ப நான் எங்கே போய் ஆள் தேடறது?"

கிணற்றடியிலிருந்து நெட்டையின் குரல் வந்தது. படிப்புக்கும் தனக்கும் ஒத்துவரவில்லை என்று பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, தோட்டத்தில் பாடுபட்டுக்கொண்டே வெளியில் வேலை தேடிக்கொண்டிருந்தவன் அவன். "அத்தை, சாப்பாட்டுக்கடைதானே? நான் வரேன்."

"உனக்குப் பாத்திரம் கழுவத் தெரியுமாடா?"

"அதுல இருக்கிறதைச் சாப்பிட்டுட்டுக் கழுவத் தெரியும்."

அப்பாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. நெட்டை அந்த நிமிஷமே கயிற்றை விட்டுவிட்டு, சட்டையை எடுக்க வீட்டுப் பக்கம் நடந்தான்.

"நெட்டை!" என்றாள் நடுக்குட்டி. "போறதுன்னா நாளைக்குப் போ. இன்னும் நாலு சால் காயுது. கயித்தைப் பிடி."

அவளைப்போல ஒன்றரை ஆள் உயரம் இருந்த நெட்டை திரும்பி வந்து கயிற்றைப் பிடித்தான்.